போலிம

ஒப்படை இரண்டு, கேள்வி மூன்று:
"இரண்டாம் மொழியொன்றை நீர் முதன்முதலில்
எதிர்கொண்ட சூழலை விவரிக்க. பத்துப் புள்ளிகள்."

வவுனியா, கல்லூரி விடுதி. இரவு.
"தரம் ஆறு. சிங்களப் பாடநூல்.
முதற்பக்கத்தில் ஒரு யானை" என்று எழுதினேன்.
வெட்டினேன்.

செட்டிகுளம். வெள்ளைக் கூடாரம். எனக்கு ஆறு வயது.
பவுசர் வரும் நேரம் ஒருவர் கையை நீட்டிக் கத்துவார்:
போலிம! போலிம!
கத்திக் கொஞ்ச நேரத்தில் வாளிக்குள் தண்ணீர் விழும்.
ஆகவே போலிம என்றால் தண்ணீர்.
இரவு விக்கல் எடுத்தபோது கேட்டேன்:
"அம்மா, கொஞ்சம் போலிம தாங்கோ."
அம்மா சிரித்தா.
அந்த வருடத்தில் அவ சிரித்ததாக
எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பெயர் இடைமொழி என்றா செல்வமதி மிஸ்.
பிழை அல்ல பிள்ளைகள், ஊகம்.
கையில் கிடைத்த தடியையும் கிடுகையும் வைத்து
மூளை கட்டுகிற கொட்டில்;
பிறகு பிரித்துப் பிரித்துக் கட்டும்.
போலிம என்றால் வரிசை என்று
பன்னிரண்டு வயதில் நான் பிரித்துக் கட்டினேன்.
தண்ணீராகவே இருந்திருக்கலாம்.

அச்சம் கூடினால் மொழி உள்ளே இறங்காது,
இது இன்னொரு குறிப்பு.
இறங்கும் மிஸ், என்று கைதூக்கப் பார்த்தேன்.
வா, போ, நில், இரு, எல்லாம் இறங்கியது.
எனக்கு வேணும் என்று சொல்வது மட்டும்
இருபது வயதுவரை வரவில்லை.

ஆறரைப் புள்ளி. ஓரத்தில் சிவப்பு மை:
சூழலை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.

மாங்குளத்தில் கற்பித்தல் பயிற்சி, தரம் ஏழு.
மம யனவா. ஒயா யனவா. எயா யனவா.
பலகையில் சாருஜன் வாலைத் தேடினான்.
"மிஸ், போறன், போறாய், போறான் எல்லாம் எங்க?"
இல்லை. எல்லாருக்கும் ஒரே யனவா.
"அப்ப எங்கட மாட்டைக் கொண்டுபோனாங்கள் எண்டு
எப்பிடிச் சொல்லுறது?"
ஹரக்காவ அரங் கியா.
"ஆர் கொண்டுபோனது எண்டு அதில இல்லையே."
வினையில் இராது. ஆளை முன்னுக்குச் சொல்லவேணும்.
"சொல்லாட்டி?"
சொல்லாட்டித் தெரியாது.

அவன் கேட்டது மாட்டைத்தான்.
நான்தான் வெண்கட்டியை விரலில் தேய்த்தபடி
யன்னலால் ஏ ஒன்பதைப் பார்த்து நின்றுவிட்டேன்.
ஒரு பஸ் போனது. இன்னொன்றும்.

மிதுசிகா ஏழு கிழமையாய் வாய் திறக்கவில்லை.
"அது ஊமைக்கோட்டான், விடும்" என்றார் வகுப்பாசிரியர்.
அவதானிப்புத் தாளில் இரண்டே பெட்டி:
பேசுகிறார். பேசவில்லை.
இரண்டிலும் அடையாளம் இடாமல்
மௌன காலம் என்று பக்கவாட்டில் எழுதினேன்.
சொல்லும்போது அவள் உதடு
சத்தமில்லாமல் கூடவே அசைவதையும் எழுதினேன்.
அதற்குப் பெட்டி இல்லை.

புதன்கிழமை பள்ளி விட்டு வருகிறோம்.
பாண் ஓட்டோ பாட்டோடு திரும்பியது.
மதவாச்சிப் பக்கத்து ஜயதிஸ்ஸ,
மூன்று வருடமாய் இந்த ஒழுங்கைகளில் விற்கிறவர்.
மிதுசிகா என் குடைக்குள்ளிருந்து விலகிப் போய்
"மட்ட மாலு பாண் தெகக் ஓனே" என்றாள்.
ஒரே மூச்சில். காசை நீட்டியபடி.
எனக்கு வேணும், என்று.

அவர் பெட்டியைத் திறந்து காட்டினார்.
"தங்கச்சி, மாலு பாண் முடிஞ்சது.
நாளைக்கு நான் கொண்டு வாறது."

வாறது இல்லை, வாறன், என்று
நாக்கு நுனிவரை வந்தது எனக்கு.
பேசாமல் இருந்தேன்.
வால் இல்லாவிட்டால் என்ன,
நான் என்று சொல்லியாயிற்று.

மறுநாள் ஓட்டோவின் பாட்டுக் கேட்க முன்னமே
ஒழுங்கை முனையில் நின்றாள்,
ஒரேயொரு ஆளுள்ள போலிம.