பென்சில் பள்ளம்

நாவல்களில் என்னைப்போல் வருகிறவளுக்கு
எப்போதும் கூந்தல் அவிழ்ந்திருக்கும்.
மல்லிகை முழம் முழமாய்.
கதவு திறக்கும்போதே சிரிப்பாள்,
கண்ணாடி டம்ளர் விழுந்த மாதிரி.
நாற்பதாம் பக்கத்தில் வருவாள்,
நூற்றெழுபதில் விஷமோ லொறியோ.
இடையில் ஒருநாளும்
அவளுக்குத் தடிமன் பிடித்ததில்லை.

நான் மட்கோவில் இருக்கிறேன்.
கச்சேரியில் காணிக் கோப்புகளுக்கு நூல் கட்டுகிற வேலை.
துறைமுகத்தில் இரவு வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு
வியாழக்கிழமை அவர் வருவார்.
சப்பாத்தைக் கழற்றி
காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு
செய்தி பார்ப்பார்.
நெஞ்செரிவுக்கு நான் சீரகம் அவிப்பேன்.
பதினொரு வருடத்தில் நாங்கள் அதிகம் கதைத்தது
அவருடைய மகளின் ஓ.எல். கணக்குப் பாடத்தைப் பற்றி.
எந்த நாவலாசிரியரும்
இதை ஒரு அத்தியாயத்துக்கு எடுக்கமாட்டார்.

என்.சி. வீதியில் நிஸ்தார் நானாவின் கடை.
முன்னால் ரீலோட், குடை திருத்தம்.
பின்சுவரில் வாடகைக்கு நாவல்கள்,
கிழமைக்கு இருபது ரூபாய்.
எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று பார்க்கத்தான்
எடுத்துக்கொண்டு போவேன்.

ஒன்றில், அவளைக் கொழும்பு ரயிலில் ஏற்றி அனுப்பும் பக்கத்தின் ஓரம்
பென்சிலில் இருந்தது:
அழட்டும். நல்லா அழட்டும்.

அந்த ழ-வை எனக்குத் தெரியும்.
நங்கூரம்போல் வால் வளைந்த ழ.
அவருடைய சட்டைப் பையில்
புழுங்கலரிசி ஐந்து கிலோ, வாழைக்காய் என்று
மடித்துக் கிடக்கும் ழ.

அன்றிரவு உட்துறைமுகத்தில் ஒரு கப்பல்
விடியும்வரை ஊதிக்கொண்டே நின்றது.
அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

அடுத்த புத்தகத்தில்
அவளுடைய மல்லிகை மணத்துக்குக் கீழே ஒரு கோடு.
சமைக்கிறது நான், மணக்கிறது இவளா?
நான் பக்கத்தில் எழுதினேன்:
மல்லிகை இல்லை. சித்தாலேப்ப.
அவர் சட்டையிலும் அதுதான் மணக்கும் என்பது
புத்தகத்தைக் கொடுத்துவிட்டு
பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

ஒரு மாதம் எந்தப் புத்தகத்திலும் ஒன்றுமில்லை.
வியாழக்கிழமைகளும் வழமைபோல்.
அவருக்கு எதுவும் தெரியவில்லை.
காலை நீட்டினார். தண்ணீர் சூடு காணாது என்றார்.

ஒருநாள் பஸ் நிலையத்தடியில் மான் ஒன்று
என் பையிலிருந்து நாவலை இழுத்து
அட்டையில் இருந்தவளின் வெறுந்தோளை மென்றது.
விரட்ட மனம் வரவில்லை.
அதற்காவது அவள் பயன்பட்டாள்.

பிறகு அது வந்தது.
புத்தகம் முழுக்க ‘அவள்’, ‘அவள்’ என்ற இடமெல்லாம்
வட்டம் போட்டு, கடைசியில்:
இருநூறு பக்கம் எழுதியிருக்கிறான்.
இவளுக்கு ஒரு பெயராவது வைத்திருக்கலாம்.

கீழே என் பெயரை எழுதினேன்.
எழுதி, அழித்தேன்.
அழித்தாலும் பள்ளம் போகாது.
வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால்
யாரும் வாசிக்கலாம்.
அதற்கும் கீழே, அழிக்காமல்:
உங்களுடையது?
நிஸ்தார் நானாவின் கொப்பியில்
அவளும் வெறும் திருமதி இரத்தினவேல்.

இந்தக் கிழமை எடுத்த நாவலில்
கடைசி அத்தியாயம் இல்லை.
தையலோடு சேர்த்து, நிதானமாய்,
அடிமட்டம் வைத்துக் கிழித்திருந்தது.
அவளைக் கொல்லவேண்டிய இடத்தில்
வெறும் அட்டை.

நானாவிடம் காட்டினேன்.
குற்றக் காசு இருநூறு, என்றார்.
நான் காசை எண்ணத் தொடங்க,
இல்லை, நூறு போதும் தங்கச்சி,
பாதி ஏற்கனவே கட்டியாச்சு.

அந்தப் பாதிக்கு எழுதிய துண்டைத் தந்தார்.
திருமதி இல்லை.
ழ இல்லாத ஒரு பெயர்.
அதை இங்கே சொல்லமாட்டேன்.