கைகழுவுதல்

வால்பரைசோ பேருந்து நிலையம், இரவு பதினொன்றே கால்.
கழிப்பறைக்கு முந்நூறு பெசோ.
சட்டையில் யாஸ்னா என்று பெயர் குத்திய பெண்
நான்கு சதுரம் தாள் கிழித்துத் தருகிறாள்
என் சில்லறையை வாங்கிய அதே கையால்.
பார்த்துவிட்டேன்.
பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கதவை முழங்கையால் தள்ளினேன்.
தாழ்ப்பாளுக்கு ஒரு சதுரம் செலவு.
மிச்சம் மூன்றை இருக்கைமேல் பரப்பினேன்,
ஒன்று நழுவி ஈரத்தில் விழுந்தது.
உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை,
ஐம்பத்திரண்டு வயது முழங்கால்கள் நடுங்க
அந்தரத்தில் ஒரு நிமிடம்.
நீர் இறக்கும் பிடியைக் காலணி நுனியால் மிதித்தேன்.
ஜெயித்தது போலத்தான் இருந்தது.

பைக்குள் மருத்துவமனைப் பட்டியல்:
பூ வேண்டாம். பழம் வேண்டாம்.
நகம் வெட்டியிருக்க வேண்டும்.
இருமல் இருந்தால் வரவே வேண்டாம்.
நோயாளியிடம் எதிர்ப்புச் சக்தி என்று எதுவும் இல்லை.
நோயாளி, ஃபெர்மின், என் தம்பி.
அவன் எலும்புக்குள் இருந்ததை மருந்தால் எரித்துவிட்டார்கள்,
வியாழக்கிழமை என்னுடையதை ஊற்றுவார்கள்.
அதற்குள் நான் ஒரு வயிற்றுப்போக்கைக்கூடக்
கொண்டுபோய்விடக் கூடாது.

வெளியே வந்தபோது யாஸ்னா வாளியோடு நின்றாள்.
நான் மிதித்த பிடியை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள்.
"எல்லாரும் காலால்தான், சீமாட்டி.
அதனால இதுக்கு ரெண்டு தடவை.
இருக்கையை யாரும் தொடுறதே இல்லை,
இந்த இடத்துலயே சுத்தம் அதுதான்."
சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள்.
கையில் கைபேசி.
உள்ளே தாள் பெட்டியின்மேல் வைத்திருந்தேன்,
இப்போது அதையே காதில் ஒட்டி
எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சோப்புப் பெட்டி பூட்டிக் கிடந்தது.
குழாயின் கழுத்தில் பழைய காலுறை ஒன்று,
அதற்குள் ஒரு துண்டு சோப்பு, முடிச்சுப் போட்டு.
"இல்லன்னா தூக்கிட்டுப் போயிருவாங்க."
எனக்கு முன் அவள் கழுவினாள்,
வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி.
பிரார்த்தனை என்றுதான் நினைத்தேன்.
ப்ளாசில்யா, உள்ளங்கை.
காசாபிளாங்கா, விரல் இடுக்கு.
முதல் சுரங்கம், கட்டைவிரல்.
குராகாவி, நகக்கண்.
இரண்டாம் சுரங்கம், மணிக்கட்டு.
சாந்தியாகோ வந்தபின்தான் நீருக்கு வந்தாள்.
வெளியே ஓட்டுநர்கள் கூவும் ஊர்கள்;
இருபது நொடிக்கு அவளிடம் வேறு கடிகாரம் இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்
ஃபெர்மின் என் வாசலில் வந்து நின்றான்.
கடன், குடி, இன்னும் என்னென்னவோ.
சங்கிலியை எடுக்காமல், கதவிடுக்கு வழியாகவே பேசினேன்.
அன்று அவனைக் கைகழுவ
ஒரு சொட்டு நீர் தேவைப்படவில்லை.
இருபது நொடிகூட ஆகியிருக்காது.

இப்போது காலுறையை இரண்டு கையிலும் பிடித்து
காசாபிளாங்காவில் நிற்கிறேன்.
தண்ணீர் பனிக்கட்டி.
சுரங்கத்துக்குள் போகிறேன், வெளியே வருகிறேன்,
எண்ணிக்கை தவறி மறுபடி ப்ளாசில்யா.
யாஸ்னா அவசரப்படுத்தவில்லை.

ஒரு சிக்கல் மிஞ்சியது.
அழுக்குக் கையால் திறந்த குழாயைச்
சுத்தமான கையால் எப்படி மூடுவது?
நீர் ஓடிக்கொண்டே இருந்தது.
அவள் எட்டி, முழங்கையால் ஒரு தட்டு.
அவ்வளவுதான்.
"ஓடுங்க, வண்டி கிளம்புது."

இரண்டு கையையும் காற்றில் தூக்கியபடி ஓடினேன்.
படி உயரம்.
கம்பியைப் பிடிக்காமல் ஏற முடியாது.
என் முன்னால் ஏறிய பையன்
மூக்கைத் துடைத்துக்கொண்டே பிடித்த கம்பி அது.

பிடித்தேன்.
ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு குழாய் இருக்கும்.