களா

ரமலானில் விட்டுப்போன ஆறு நாளைக்
கார்த்திகையில் பிடிக்கிறேன்.
பகல் குட்டை என்பதால்தான்.
கடன்காரி நாள் பார்த்துக் கட்டுகிறாள் என்று
கொடுத்தவனுக்குத் தெரியும்.
ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நோன்புக்கு ஊர் எழுவதில்லை.
பெரியதோட்டத்துச் சந்தில் தப்ஸ் தட்டி எழுப்ப ஆளில்லை,
பள்ளிவாசலில் கஞ்சி அண்டா இல்லை,
தூக்குப்போசியோடு முண்டியடிக்கும் பிள்ளைகள் இல்லை.
நாலரை அலாரத்தை
அது வாய் திறக்கும் முன் அமுக்கிவிட்டு
விளக்குப் போடாமல்
பழையதில் தயிர் ஊற்றிக் குடித்து
யாரும் விழிக்காமல் ஒரு நிய்யத்.

எட்டரைக்குக் கம்பெனி.
ஒன்றரை ஷிப்ட்.
செக்கிங் டேபிள், தலைக்கு மேல் இரட்டை ட்யூப்லைட்.
ஒரு பீஸ் எடு, கழுத்தைப் பார், தோளைப் பார்,
ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்ட தையல்,
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டு,
அடுத்தது.

பதினொரு மணி.
"ஏனுங்க்கா, டீ வேண்டாங்ளா?"
வயிறு சரியில்லை என்றால் பொய்.
நோன்பு என்றால்
இப்பென்ன நோன்பு, எதுக்கு விட்டுச்சு என்று கேட்பார்கள்.
அது டேபிளில் விரிக்கிற துணி இல்லை.
சிரித்து வைத்தேன்.
சிரிப்பு நோன்பை முறிக்காது.

பன்னிரண்டுக்கு நாக்கு தடித்தது.
அந்த நேரம் பார்த்து
சூப்பர்வைசர் சென்னியப்பன்
இருநூறு பீஸ் ரிட்டர்னுக்கு
என்னைக் கை காட்டினான்.
அது என் டேபிள் இல்லை.
ஸ்டிக்கர் நம்பரே சொல்லும்.
போன வாரம் கட்டிங்கில் அவன் செய்த கோளாறையும்
சேர்த்துச் சொல்லலாம்.
தொண்டை வரை வந்தது.
நம்பரை மட்டும் காட்டினேன்.
மற்றதை விழுங்கினேன் என்று சொல்ல முடியாது,
விழுங்கினால் நோன்பு போய்விடும்.
துப்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்,
யார் மேலும் படாமல்.

ஒரு மணி.
அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால்
லுஹர் தொழுதுவிட்டு வருகிறேன்.
கைமடிக்காரி சஞ்சுக்தா, ஒடிசாப் பெண்,
குழாயில் பாட்டிலை நிரப்பினாள்.
குடித்தாள். மறுபடியும் நிரப்பினாள்.
"சாப்பிட்டாச்சா?"
"ஆச்சு அக்கா."
எட்டு மாதமாக இதே கேள்வி, இதே பதில்.

இன்றைக்குத்தான் பார்த்தேன்,
கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து
அவள் படியேறுகிற நிதானத்தை.
காலையிலிருந்து நானும் அப்படித்தான் ஏறுகிறேன்.
ரமலானில் இது கண்ணில் பட்டதில்லை.
அப்போது தெருவே பசித்திருந்தது,
எல்லா முகமும் ஒரே முகம்.
எனக்கு மஃரிப் ஐந்து ஐம்பத்தாறு.
இவளுக்கு மஃரிப் சனிக்கிழமை,
சம்பளக் கவர் வந்த பிறகு.
இன்று புதன்.

நோன்பு திறக்க வைத்திருந்த தக்காளிச் சோற்றை நீட்டினேன்.
அதிகமாகக் கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்லத்தான் பார்த்தேன்.
இன்றைக்கு அதுவும் முடியாது.
"எனக்கு ஆறு மணி வரை வேண்டாம், நீ சாப்பிடு."
உண்மையைத்தான் சொன்னேன்.
அவள் என்ன புரிந்துகொண்டாளோ,
சுவரைப் பார்த்து உட்கார்ந்து
ஒரு பருக்கை சிந்தாமல் தின்றாள்.
நான் பார்க்கவில்லை.
பட்டையும் கிராம்புமாக வாசம் வந்தது,
வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து ஐம்பது.
கையில் ஒரு குழந்தைச் சட்டை,
அக்குளில் ஊசிமுனை ஓட்டை.
கடல் தாண்டிப் போனாலும்
எவர் கண்ணிலும் படாது.
கண்ணும் இருட்டிக்கொண்டு வருகிறது.
விட்டுவிடலாம்.
ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பவர்டேபிள் இரைச்சலில் பாங்கு கேட்கவில்லை.
செல்போன் சொன்ன நேரத்தை நம்பி
முந்தானை முடிச்சிலிருந்து பேரீச்சம்பழம்.
பிறகு தண்ணீர்.
முதல் மிடறு இறங்கிய பாதை முழுக்கத் தெரிந்தது,
நொய்யலில் புதுத்தண்ணீர் வரும்போது
மணல் கறுத்துக்கொண்டே போகுமே, அப்படி.

டிபன்பாக்ஸ் கழுவித் திரும்பி வந்தது,
வேஸ்ட் துணியில் ஈரம் போகத் துடைத்து.
இன்னும் நான்கு பாக்கி.
எங்கும் எழுதி வைக்கவில்லை,
அவனுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறது.
நாளைக்குப் பெரிய டப்பாவைத் தேட வேண்டும்,
அதற்கு மூடி எங்கே போயிற்றோ.