புதன்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள்.
எனக்கு வாராவாரம் கிடைக்கிறது.
ஆறு மாத்திரை, மஞ்சள் நிறம்,
ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்.

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில்
டாக்டர் ஹெப்சிபா என் முழங்கையைக்
கையுறை இல்லாமல் தொட்டார்.
அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில்
அவர் சொன்ன முதல் மருந்தின் பெயர் போய்விட்டது.
சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்,
பிரஷர் ஏறும் என்றது மட்டும் காதில் விழுந்தது.

"களிம்புக்கு அடங்காதும்மா இனி,
உள்ளுக்குத்தான் எடுக்கணும்."

இன்னொன்று இருக்கிறதாம்,
நிறுத்திய பிறகும் மூன்று வருஷம் கரு தங்கக் கூடாது.
இன்னொன்று ஊசி. முதலில் காசநோய் இல்லையென்று தெரிய வேண்டும்.
அதன் விலையை வாயால் சொல்லவில்லை,
சீட்டின் பின்பக்கம் எழுதித் திருப்பி வைத்தார்.
சின்னப்பையன் படித்துவிட்டு
மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

கடைசியில் இந்த மஞ்சள்.
பழைய மருந்து. இங்கேயே கிடைக்கும், காசில்லை.
ஈரல் எப்படியிருக்கிறதென்று ரத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.
"குடிப்பழக்கம் உண்டா?"
கேட்டது என்னை. இல்லையென்று அவசரமாகத் தலையாட்டியது இவர்.
"இதை எடுக்கறவரைக்கும் பிள்ளை கூடாது.
இப்ப வேணுமா உனக்கு?"

கல்யாணமாகி நாலு வருஷம்.
விசேஷம் உண்டா என்று
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி வரை கேட்டாயிற்று.
வேணுமா என்று கேட்டது இவர் ஒருவர்தான்.
சின்னப்பையன் வாயைத் திறப்பதற்குள்
"இப்ப வேண்டாம்" என்றேன்.
என் குரல் எனக்கே
அடுத்த டோக்கன்காரி குரல்போல் இருந்தது.

திரும்பும் வழியில் ஐந்து ரோடு வரை பேசவில்லை இவர்.
பிறகு கேட்டார்: "எந்தக் கிழமைன்னாங்க?"

கிழமைதான் முக்கியம்.
தினமும் போட்டுக்கொண்ட ஒருவர்
வாயெல்லாம் புண்ணாகி வந்து படுத்தாராம்.
காலண்டரில் புதனுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டார்,
வெள்ளிக்கு ஃபோலிக் மாத்திரை, பச்சை.
வியாழனுக்கு ஒன்றும் போடவில்லை.
வியாழன் காலை குமட்டல்,
அதற்கு வட்டம் தேவையில்லை.

ஜவ்வரிசி மில்லில்
களத்து மாவில் என் செதில் உதிருமென்று
மூட்டைக் கணக்குக்கு மாற்றியிருந்தார் மேஸ்திரி.
தொற்றாது என்று டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினேன்.
சீட்டை நுனியில் பிடித்து வாங்கினார்.

பதினாலாவது புதன்.
சேர்வராயன் மலை சட்டென்று கருத்தது.
களம் முழுக்கக் காயும் மாவு.
"ஏ, எல்லாரும் ஓடியாங்க, தார்ப்பாய்!"
எல்லாரும் என்றால் நானும்தானே.
எதிர்முனையைப் பிடித்திருந்தது மேஸ்திரி.
மழை வந்து அடிக்கும்போதுதான்
என் கையைப் பார்த்தார்.
விடவில்லை.

ராத்திரி சேலையை உதறினேன்.
தரையில் வெள்ளையாய் விழுந்ததை
விரலில் தொட்டுத் தேய்த்தேன்.
மாவு.
முழங்கையில் இன்னும் ஒரு ரூபாய் அகலம் பாக்கி.

சின்னப்பையன் ஆறையும் எண்ணி,
மறுபடி எண்ணி, உள்ளங்கையில் வைக்கிறார்.
திங்கள்கிழமை ரத்தம் கொடுக்க வேண்டும்.
போன தடவை ஏதோ ஒரு எண்
கொஞ்சம் கூடியிருந்தது.