முன்தேதி

பர்கூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில்
தகரக் கூரையடியில் எழுதுகிறேன், பத்தொன்பது வருடமாக.
கிரயம், தானம், விடுதலை, பாகப்பிரிவினை.
கண்ணை மூடிக்கொண்டு நாலெல்லை சொல்லுவேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
எனக்கு முன்தேதி போடத் தெரியும்.
பழைய முத்திரைத்தாள் எந்த ஊரில் கிடைக்கும்,
எத்தனை வெயில் காட்டினால் தாள் பழுக்கும்,
எந்த மையை இப்போது யாரும் விற்பதில்லை.
ஒரே ஒரு தடவை செய்தேன்.
சந்தூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பு.
செத்துப்போனவர், சாவதற்கு முந்தின தையில்
கைநாட்டு வைத்ததாக.

பக்கத்து மேசை மாதையனுக்குச் சாமி கிடையாது.
வில்லங்கம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளும் கிடையாது.
ஒரு மதியம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டான்:
"ஏம்மா எலத்தகிரி,
நடந்து முடிஞ்சதுக்கப்புறம்
'இப்படி நடக்கும்'னு எழுதி வைக்க எவ்வளவு நேரமாகும்?
நீயே அரைமணியில எழுதிடுவ."

தூக்கமே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
தூங்கினேன்.
எழுந்ததும் அது இருந்தது,
செருப்பில் ஏறிய நெருஞ்சிமுள்ளாக.

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்,
என் சொந்த விசுவாசத்துக்கு.

மூலப் பத்திரம் யார் கையில்?
அவரை மெசியா என்று ஏற்காதவர்களின் கையில்.
தலைமுறை தலைமுறையாக எழுத்தெண்ணிப் பிரதி எடுத்தவர்கள்,
நமக்குச் சாதகமாக ஒரு புள்ளி சேர்க்காதவர்கள்.

தேதி?
சாக்கடல் ஓரம் ஓர் ஆட்டிடையன்
குகைக்குள் கல்லை எறிந்தான்.
பானை உடையும் சத்தம்.
அந்தக் குகையின் தோல்சுருளில்,
அடிக்கப்பட்டும் வாய் திறவாத ஒருவரைப் பற்றிய வரிகள்.
மாட்டுத்தொழுவத்தில் அவர் அழுவதற்கு
நூறு வருடம் முன்பே காய்ந்துவிட்ட மசி.
தாளை வெயிலில் வைத்தவள் நான்.
அந்தத் தோலை யாரும் வெயிலில் வைக்கவில்லை.

மாதையன் விடவில்லை.
"எழுதினதப் படிச்சவரு அதே மாதிரி நடந்திருக்கலாமே?
கழுதைமேல வருவாருன்னு இருந்தா
கழுதையக் கொண்டான்னு சொன்னா போச்சு."
சரி, கழுதையை விட்டுக்கொடுத்தேன்.
"பெத்லகேம்?" என்றேன். "பிறக்கிற ஊரை யார் தேர்ந்தெடுப்பா?
தலை எண்ணச் சொன்னது ரோமாபுரி அரசன்.
நடந்தவள் நிறைமாதக்காரி."
"அத எழுதினதும் உங்க கட்சி ஆளுதான?"
அதற்கு இன்றுவரை
என்னிடம் அரைப் பதில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு நிலம் இருக்கிறது, மாதையா.
குயவனின் நிலம்.
விலை முப்பது வெள்ளிக்காசு.
அந்தத் தொகையையும் அந்தக் குயவனையும்
ஓர் இறைவாக்கினர் சேர்த்தே எழுதிவைத்துப் போய்
ஐந்நூறு வருடம் ஆகியிருந்தது.
காசை எறிந்தவன் காட்டிக்கொடுத்தவன்.
நிலத்தை வாங்கியவர்கள் அவரைக் கொலைக்கு அனுப்பியவர்கள்.
யாரும் அவருக்காகக் கிரயம் செய்யவில்லை.
நான் படித்ததிலேயே சின்னப் பத்திரம் அது:
இன்ன விலை, இன்ன நிலம்,
அநாதைப் பிணங்களைப் புதைக்க.

மாதையன் ஒன்றும் சொல்லவில்லை.
டப்பாவைக் கழுவப் போய்விட்டான்.

நான் தேடப்போனது அவருடைய தேதியை.
கிடைத்தது என்னுடையது.
உண்மையான ஒரு பத்திரத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தபின்
பொய்யான ஒன்றை
எத்தனை நாள் அலமாரியில் வைத்துக்கொள்வது?

செத்துப்போனவரின் மகள் பைரம்மா
பூ பிடிக்கும் மாசத்தில் வருவாள், வருடா வருடம்,
கேட் வாசலில் நிற்பாள்,
நகல் கேட்பாள், கட்டணம் கேட்டதும் திரும்பிப்போவாள்.
இந்த வருடம் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.
புதுத்தாள் எடுத்தேன்.
'பெலவேந்திரம் மகள் அருளாயி ஆகிய நான்
சுயநினைவுடன் எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம்.'
உரிமம் போகும். அதற்கு மேலும் போகலாம்.
இன்றைய தேதி போட்டேன்.

சாட்சிக் கையெழுத்து மாதையன் போட்டான்.
நம்பியல்ல.
தேதி சரியாக இருந்தது என்பதற்காக.