கேட் போட்டிருக்கு

காலை எட்டு பத்துக்குக்
கொருக்குப்பேட்டை கேட் இறங்கும்.
எனக்குத் தெரியும். என் வண்டிக்கும் தெரியும்.
ஆனாலும் தினமும்
மூடுவதற்குள் நுழைந்துவிடலாம் என்று
கடைசி நூறடிக்கு முறுக்குவேன்.
பிறகு மூடிய கேட்டின் முன் நின்று
மிச்சத்தைப் புகையாக விட்டுக்கொண்டிருப்பேன்.

தஸ்தகீர் பாய்தான் முதலில் பிடித்தார்.
பிளக்கைக் கழற்றி
கரித்துண்டு போலிருந்த அதன் முனையை
என் உள்ளங்கையில் வைத்தார்.
"இன்னாம்மா இது,
வண்டி ஓட்றியா, கொசுமருந்து அடிக்கிறியா?"

ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டினார்.
கொட்டியதில் பாதி எண்ணூர், பாதி மணலி.
இரண்டு டயருக்கும் காற்றடித்தார்.
"முறுக்காத. மடியில முட்ட வச்சினு போறாப்ல போ.
சிக்னலோ கேட்டோ, நின்னா அணைச்சிடு.
மூணு மாசத்துக்கு என் மூஞ்சில முழிக்காத,
அதான் நீ எனக்குக் குடுக்கற கூலி"
என்று சொல்லிவிட்டு
நூற்றெண்பது ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

நான் லேபுக்கு மாதிரி எடுப்பவள்.
கால் வைக்கும் பலகையில் ஐஸ் பெட்டி.
அதில் முப்பது பேரின் ரத்தம்
ஏழு பேரின் சளி.
குப்பிகளில் ஒட்டும் சீட்டை நான்தான் எழுதுகிறேன்:
எழில் நகர், கார்கில் நகர், நேதாஜி நகர்.
எந்தத் தெருவில் புகைவிட்டுப் போனேனோ
அந்தத் தெருவின் சளியைத்தான்
பத்திரமாக மூடி எடுத்துவருகிறேன்.
பாய்க்கு இதைச் சொல்லவில்லை.

ஜெசிந்தா பேட்டரி வண்டி வாங்கிவிட்டாள்.
சத்தமே கிடையாது.
நாய்கள் துரத்த மறந்து
போனபிறகு யோசிக்கின்றன.
அவள் வீடு அத்திப்பட்டில்.
ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தால்
காலையில் சீட்டின்மேல் சாம்பல்,
விரலால் கோலம் போடுமளவுக்கு.
"என் வண்டிப் புகைக்குத்
தனியா வீடு பாத்து வச்சிருக்காங்கடி,
அதுவும் என் பக்கத்து வீடு"
என்று சிரித்தாள்.
துடைத்தாள்.
இருந்தாலும் ஏறினாள்.
எனக்கு அந்த இருந்தாலும் பிடித்தது.
தவணை கட்டத்தான் பணமில்லை.

இன்று கேட் போட்டிருக்கிறது.
சாவியைத் திருப்பினேன்.
நாற்பது வண்டிச் சத்தத்தில்
ஒரு வண்டி அணைந்தது யாருக்குக் கேட்கும்?
பின்னாலிருந்த பையனுக்குக் கேட்டது.
"ஸ்டார்ட் ஆவலியாக்கா? தள்ளட்டா?"
"இல்லப்பா. அணைச்சுதான் வச்சிருக்கேன்."
"ஏன்?"
பெரிதாக ஒரு பதில் இருந்தது.
"ரயில் வர இன்னும் ஆறு நிமிஷமாவும்" என்றேன்.
அவன் தன் பெட்ரோல் முள்ளைப் பார்த்தான்,
அது சிவப்பில் படுத்திருந்தது.
அணைத்தான்.
பக்கத்தில் தண்ணீர் கேன் ஏற்றி வந்தவர்
எதற்கென்றே தெரியாமல் அணைத்தார்.
ஷேர் ஆட்டோ அணைக்கவில்லை.
பாட்டு நின்றுவிடுமாம்.

மூன்று வண்டியின் அமைதி
ஒரு பாய் விரிக்கும் இடம்தான்.
அதற்குள்
அப்பாவின் வண்டியில் முன்னால் நின்றபடி
யூனிஃபார்ம் போட்ட ஒரு பொடிசு
வாய்ப்பாடு முணுமுணுப்பது கேட்டது.
ஒன்பத்தேழு அறுபத்து நாலு, என்றாள்.
"மூணு" என்றோம்
மூன்று பேரும் ஒரே நேரத்தில்.
அவள் திரும்பி முறைத்தாள்.
அவள் அப்பாவும் வண்டியை அணைத்துவிட்டு
எங்களை ஒருமுறை பார்த்தார்.

ரயில் வந்தது.
எல்லாம் டேங்கர்கள்.
இனி நாங்கள் எரிக்கப்போவதெல்லாம்
எங்கள் எதிரே
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
நான் எண்ணினேன், நாற்பத்தெட்டு.
பொடிசு எண்ணியதில் ஐம்பது.
இம்முறை யாரும் திருத்தவில்லை.

கேட் தூக்கியதும்
எல்லோரும் முறுக்கினார்கள், அந்தப் பையனும்.
நான் மடியில் முட்டையோடு போனேன்.
தண்டவாளம் ஏறி இறங்கும்போது
காலடிப் பெட்டிக்குள்
குப்பிகள் ஒன்றையொன்று லேசாக
இடித்துக்கொண்டன.
இத்தனை வருஷத்தில்
இன்றுதான் அந்தச் சத்தம் கேட்கிறது.