விதி எண் பதினேழு

லியெபாயா துறைமுகத்தில் எங்கள் கப்பல் கம்பெனி
கடையைக் கட்டிய வாரம்
இருபது யூரோ கொடுத்துத் தூக்கிவந்தேன் இந்த ரவுட்டரை.
நாற்பது மேசைகளுக்குத் தீனி போட்டது;
இனி என் இரண்டறை வீட்டுக்கு.

விசிறி இரைகிறது.
"நடுராத்திரியில் யார் தலை காயவைப்பது?" என்கிறார்
கீழ்வீட்டு ஓயார்ஸ்.
செருப்பு அலமாரிக்குள் தள்ளிவிட்டேன்.
பூட்ஸ்கள் இப்போது சீக்கிரம் காய்கின்றன.

நீலக் கேபிளைச் செருகி
கடவுச்சொல்லைத் தட்டினேன்
(அடிப்பக்கம் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தது).
உள்ளே விதிகள்.
ஒன்று முதல் பதினாறு வரை
தடு, தடு, தடு.
எங்கள் கணக்குப் பிரிவுக்குப் பாட்டுக்கூடக் கிடையாது.

பதினேழு: அனுமதி.
மூன்றாம் கிடங்கு. இரவு இரண்டு முதல் மூன்று. வீடியோ.
குறிப்பு: காவலாளி. மகள் அயர்லாந்தில்,
வேலை முடிந்து வரும் நேரம். கேட்காதே.

கிர்ட்ஸ்தான் எழுதியிருக்க வேண்டும்.
பதினோரு வருஷத்தில் அவன் என்னிடம் பேசியது
பிரிண்டர் மை பற்றி மட்டும்.
மாதாமாதம் இணைய பில்லில் கையெழுத்திட்டவள் நான்.
அந்த ஒரு மணி நேரம்
எந்த வரிக்குள் ஒளிந்திருந்தது?

எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கு என்கிறது கையேடு.
பின்பக்கத் துளையில் குண்டூசி, பத்து விநாடி.

ஏழில் கையை எடுத்துவிட்டேன்.

ஒவ்வொன்றாக நீக்குகிறேன், பதினாறு முறை.
மூன்றாம் கிடங்கு என்று எதுவும் இங்கே இல்லை,
தெரியும்.
மற்றவை போனதும் பட்டியல் நகர்ந்து
பதினேழு ஒன்றாகிவிட்டது.

ஓயார்ஸ் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார்.
மணி இரண்டேகால்.